சுண்ணாம்பு விரல்

என் கழுத்தை இதுவரை இரண்டு பேர்தான் அக்கறையோடு கவனித்திருக்கிறார்கள். ஒருவர் தைராய்டு இருக்கிறதா என்று பார்த்த டாக்டர். இன்னொருவர் அதை நெரித்தவர். இரண்டாமவர் காட்டிய ஈடுபாடு அதிகம்.

நெரித்தவர் மின்கோபுரம் நடுகிற ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் அதிகாரி. நெரிபட்ட நான் தருமபுரியில் வேறொரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. மாதம் ஒருமுறை பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். வீட்டில் யாரும் சிரித்ததில்லை. எங்கள் இருவரையும் காரிமங்கலம் சந்தையில் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தது, தில்லியில் தலையும் சென்னையில் கிளையும் உள்ள ஊழல் தடுப்புத் துறை.

அந்தத் துறை எப்படி வேலை செய்யும் என்று எனக்குச் சினிமா சொல்லிக் கொடுத்திருந்தது. கறுப்புக் கார், கறுப்புக் கண்ணாடி, பாதி இருட்டில் ஒரு மேஜை. உண்மையில் அது ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. எங்கள் அலுவலகத் தலைவருக்கு வந்த அந்தக் கடிதம், நன்னடத்தை உள்ள ஊழியர்கள் இரண்டு பேரை மறுநாள் காலை விருந்தினர் மாளிகைக்கு அனுப்பவும், எதற்கு என்று கேட்க வேண்டாம் என்றது. பொறி வைத்துப் பிடிக்கும்போது சம்பந்தமில்லாத துறையிலிருந்து சாட்சிகள் வேண்டுமாம். தலைவர் நன்னடத்தையைத் தேடவில்லை. யார் இல்லாவிட்டால் வேலை நிற்காது என்று யோசித்தார். அந்த வகையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

விருந்தினர் மாளிகை அறையில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். சென்னைக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர், பல் டாக்டர் மாதிரி மெதுவாகப் பேசுவார். அவருக்கு எதிரே, நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, புகார் கொடுத்த விவசாயி. கடத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர், தக்காளியும் மரவள்ளியும். நிலத்தின் நடுவில் ஒரு கிணறு. அவருடைய அப்பா பாறைக்கு வெடி வைத்துப் பிளந்து இறக்கியது. அந்த வெடியில் சித்தப்பாவுக்கு ஒரு கண் போனது. குடும்பமே ரத்தம் கொடுத்து வாங்கிய தண்ணீர் அது. இப்போது அதன் மேல்தான் மின்கோபுரத்தின் ஒரு கால் வரப்போகிறது என்று அதிகாரி முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருந்தார். கொஞ்சம் தள்ளி வெறும் மேடு சும்மா கிடந்தது. குச்சி அங்கே நகர வேண்டுமென்றால் பணம் நகர வேண்டும்.

"கெணத்து மேல நட்டா நான் எங்கீங்க சார் போறது?" என்று அவர் இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார், அதை எழுதிக்கொள்ளவில்லை. அது வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி. எனக்கு மட்டும் அந்த நாள் முழுவதும் அந்தக் கேள்விதான் வழக்காகத் தெரிந்தது.

பிறகு பாடம் நடந்தது. விவசாயி கொண்டுவந்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களின் எண்களைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு காவலர் அவற்றின் மேல் வெள்ளைப் பொடி தடவினார். இன்னொருவர் அந்தத் தாள்களைத் தொட்டுவிட்டு, சோடா கரைத்த கண்ணாடி டம்ளரில் விரலை விட்டார். தண்ணீர் ரோஜா நிறமானது. பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் நான் சட்டையில் கொட்டிக்கொண்டு அடி வாங்கிய அதே பினாப்தலின். சாதாரணத் தண்ணீரில் அது அப்பாவி. சோடா மாதிரிக் காரம் பட்டால் நிறம் காட்டிவிடும். ஒரு தேசத்தின் ஊழல் ஒழிப்பே இந்தப் பொடியின் முதுகில்தான் நிற்கிறது என்றபோது எனக்குக் கொஞ்சம் திகில் ஏற்பட்டது.

என் பங்கு, விவசாயியின் நிழலாகக் கூடவே போவது. அவருடைய சகலை என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதிகாரி பணம் கேட்பதை என் காதால் கேட்க வேண்டும். அவர் கேட்டதற்குச் சாட்சி இல்லாவிட்டால் கையில் பணம் இருந்தும் வழக்கு நிற்காது. இன்னொரு சாட்சி, எங்கள் அலுவலகத்து டெஸ்பாட்ச் குமாஸ்தா, இன்ஸ்பெக்டரோடு தூரத்தில் நிற்பார். நல்ல வேலைகள் எப்போதும் அவருக்குத்தான் கிடைக்கும்.

"அவர் கேக்காம நீங்க குடுக்கக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் விவசாயியிடம் சொன்னார். "குடுத்ததும் துண்டால தலையத் தொடைங்க. மிச்சத்த நாங்க பார்த்துக்கறோம்."

விவசாயி யோசித்தார். "வெறுங்கையிலயா சார் குடுக்கறது?"

"வெறும் கையிலதான்."

விவசாயி தலையாட்டினார். விவரம் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல். நான் கவனித்தேன், புரியவில்லை.

கடத்தூரில் தன்னைத் தெரியும் என்பதால் அதிகாரி காரிமங்கலம் சந்தையைத் தேர்ந்தெடுத்திருந்தார். சந்தை நாள் என்பது அறுக்கிற நாள். ஒரு பக்கம் ஆடுகள் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. கோழிகளைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பேரம் பேசினார்கள். அரிவாள், கொடுவாள், மண்வெட்டி எல்லாம் சாக்கின் மேல் வரிசையாக வெயில் காய்ந்தன. நாங்கள் உட்கார வேண்டிய டீக்கடைக்கு அடுத்ததே கறிக்கடை. அதன் பாய், தொங்கிய தொடையைக் கட்டையில் போட்டு ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் என் கண் தானாக மூடிக்கொண்டது. நிழல் சாட்சிக்கு வேண்டிய தைரியம் அவ்வளவு இருந்தது என்னிடம்.

போகிற வழியில் விவசாயி ஒரு கடையில் நின்று வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வாங்கினார். பதற்றத்தில் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையே போடாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதிகாரி ஏற்கெனவே வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பார்க்க வாட்டசாட்டமான ஆள். வாயோரம் வெற்றிலைச் சிவப்பு. கையில் சின்ன எவர்சில்வர் சுண்ணாம்பு டப்பி; பேசும்போதெல்லாம் அதன் மூடியைத் திறந்து மூடுவார். என்னைப் பார்த்து யார் என்றார். சகலை என்றேன். குரல் கீச்சென்று வந்தது. நல்லவேளை, எங்கள் பக்கத்தில் சகலைகளுக்கு எப்போதும் கொஞ்சம் அப்படித்தான் குரல் வரும்.

சுற்றி வளைக்காமல் அவர் விஷயத்துக்கு வந்தார். "கொண்டாந்தியா? கொண்டாந்திருந்தா குச்சி மேட்டுக்குப் போவும். இல்லன்னா கெணத்துல மீன் வளக்கறத விட்டுட்டு கரண்ட் கம்பத்துக்குப் பூஜை போடு."

கேட்டுவிட்டார். நானும் கேட்டுவிட்டேன். அந்த நிமிடமே எழுந்து வீட்டுக்குப் போகலாம் போலிருந்தது.

விவசாயி துண்டுக்குள்ளிருந்து தாள்களை எடுத்தார். இரண்டு வெற்றிலையை அடுக்கி, பாக்கை வைத்து, அதன் மேல் பணத்தை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். பெண் கேட்டுப் போன வீட்டில் பரிசப் பணம் வைக்கிற மாதிரி. பிற்பாடு அவரிடம் இதைக் கேட்டபோது, "பகையாளியா இருந்தாலும் பணத்த வெறுங்கையில தரக் கூடாதுங்க சார். தந்தா நமக்குத் திரும்பி வராது" என்றார். பணம் திரும்பி வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. இன்ஸ்பெக்டரின் துறைக்கு எல்லா விதிகளும் தெரிந்திருந்தன. இந்த விதி மட்டும் தெரியவில்லை.

அதிகாரிக்கும் அது பிடித்திருந்தது. மரியாதையாகத் தரப்பட்ட லஞ்சத்தை யார் வேண்டாமென்பார்கள்? பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெற்றிலையை விடவில்லை. காம்பைக் கிள்ளி எறிந்து, டப்பியைத் திறந்து, ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பு எடுத்து இலையின் முதுகில் இழுத்தார்.

இழுத்த இடம் ரோஜா நிறமானது.

தாள்களில் இருந்த பொடி இலையிலும் விரலிலும் ஒட்டியிருந்தது. அதற்கு வேண்டிய காரத்தை அவரே டப்பியில் வைத்திருந்தார். சென்னை ஆய்வகத்தில் எத்தனையோ பேர் யோசித்துச் செய்த சோதனையை, அவர் தன் மடியில் தானே செய்து முடித்துவிட்டார். அவர் மறுபடி தேய்த்தார். இன்னும் சிவந்தது. விரலைத் தூக்கி வெயிலில் பார்த்தார். விவசாயியும் பார்த்தார். துண்டால் தலையைத் துடைக்க வேண்டியவர், வாயைத் திறந்துகொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு சூரிய கிரகணத்தைப் பார்ப்பது போல இருந்தோம்.

அந்த ஆள் பி.எஸ்ஸி. வேதியியல் என்பது குற்றப்பத்திரிகை வந்தபோது தெரிந்தது. எங்கள் விதி.

அவர் ஓடவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யாருடா நீ?" என்றார். பதில் சொல்வதற்குள் என் கழுத்து அவர் கையில் இருந்தது. பெஞ்சோடு என்னைப் பின்னால் சாய்த்து, டீ பாய்லர் மேஜையில் மண்டையை மோதினார். கண்ணாடி டம்ளர்கள் சரிந்து உடைந்தன. கொதிக்கிற பால் என் தோளில் தெறித்தது. மூச்சு நின்றுபோன நேரத்திலும் அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கொல்லவில்லை, துடைக்கிறார். நெரித்துக்கொண்டே அந்த விரல்களை என் கழுத்திலும் சட்டையிலும் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையாக இருந்து சாவது எப்படி என்று அறிந்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

விவசாயி அவர் முதுகில் விழுந்தார். அதிகாரி முழங்கையைப் பின்னால் வீசியதில் விவசாயியின் பல் ஒன்று என் மடியில் வந்து விழுந்தது. அதற்குள் இன்ஸ்பெக்டரும் ஆட்களும் ஓடி வந்துவிட்டார்கள். எனக்குக் கண் இருட்டியிருந்தது. தோளில் தொங்கிய துணிப்பையைச் சுழற்றி, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனிதனை அடித்தேன். பையில் அகிம்சை பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று இருந்தது, கெட்டி அட்டை. அடி சரியாக இன்ஸ்பெக்டரின் மூக்கில் விழுந்தது.

மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரின் வெள்ளைச் சட்டை முழுவதும் ரத்தம். இருந்தும் அவர் அதிகாரியின் மணிக்கட்டை விடவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து முறுக்க, அதிகாரி ஒருவரின் புறங்கையைக் கடித்தார். சதை பிய்ந்தது. கூட்டம் திருடன் திருடன் என்று கத்தியது. யாரை என்று தெரியாமல் என்னை இரண்டு பேர் உதைத்தார்கள். கடைசியில் கறிக்கடை பாய், கையில் கத்தியோடு நடுவில் வந்து நின்றார்.

"இங்க வெட்டற வேல என்னோடதுங்க" என்றார் அமைதியாக. "மத்தவங்க ஒக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்தோம். தேசிய அளவிலான ஒரு துறையால் முடியாததை, உள்ளூரில் ஒருவர் ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டார்.

அதன் பிறகு துறை தன் வேலையைச் செய்தது. ஆச்சரியமான வேலை அது. கோபமே இல்லாத வேலை. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, ஒருவர் நடந்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதினார். அதிகாரியின் வலது கை ஒரு டம்ளரில், இடது கை இன்னொன்றில், சட்டைப் பை மூன்றாவதில். எல்லாம் ரோஜா. பாட்டிலில் ஊற்றி, துணி கட்டி, அரக்கு வைத்து, பித்தளை முத்திரையைக் குத்தினார்கள். பிறகு என் முறை. என் கழுத்தைப் பஞ்சால் துடைத்துக் கரைசலில் போட்டார்கள். அதுவும் ரோஜா. சீட்டில் 'சாட்சியின் கழுத்து' என்று எழுதி ஒட்டினார்கள். சட்டையைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். முத்திரையை நீதிமன்றத்தில் காட்டும்வரை நான் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமென்று என்னிடமே கொடுத்தார்கள்.

உடைந்த மூக்கு, போன பல், கிழிந்த புறங்கை, என் கழுத்து எல்லாவற்றையும் மகஜர் ஒரே தொடரில் அடக்கியிருந்தது: 'அப்போது சிறு சலசலப்பு ஏற்பட்டது.' நான் பல வருடங்களாக எழுதுகிறவன். இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

விவசாயியின் துண்டைப் பனியன் மேல் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். போரில் முகத்திலும் மார்பிலும் படுவதுதான் விழுப்புண் என்று நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரி ஜாமீனில் வந்தார். சம்பளத்தில் பாதி, வீட்டில் ஓய்வு. மேலதிகாரி அனுமதி, குற்றப்பத்திரிகை என்று துறை தன் போக்கில் நகர்ந்தது. வழக்கு முடியும்வரை முளைக்குச்சி கிணற்றடியிலேயே நின்றது. இங்கேதான் ஒப்பந்தக்காரர் உள்ளே வருகிறார். அதிகாரியின் தயவில் கோபுரங்களுக்கு ஜல்லியும் ஜேசிபியும் விட்டுக்கொண்டிருந்தவர். அதிகாரி உள்ளே போனால் அவருக்கும் பிழைப்பு போகும்.

கடத்தூர் மார்க்கெட்டில் விவசாயி தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில், பட்டப்பகலில், அவருடைய வலது கையை மினி லாரியின் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு பின்கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார்கள். திறந்து மறுபடியும். அடிப்பதற்கு முன்னால் ஒருவன் சந்தேகம் கேட்டானாம்: "குடுத்த கை இதானே?" இரண்டு கையாலும் கொடுத்தேன் என்று சொல்ல நினைத்ததாகவும், சொன்னால் இன்னொன்றையும் கேட்பார்கள் என்று விட்டுவிட்டதாகவும் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். சுண்டுவிரலும் மோதிர விரலும் நசுங்கி, கட்டுக்குள் கறுத்திருந்தன. உள்ளூர் போலீஸ் சரக்கு இறக்கும்போது விபத்து என்று எழுதிக்கொண்டது. இன்னொரு சிறு சலசலப்பு.

ஒப்பந்தக்காரர் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். கோர்ட்டில் அதிகாரி எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் திணித்தேன் என்று விவசாயி சொல்லிவிட வேண்டும். சொன்னால் குச்சி மேட்டுக்குப் போகும். சொல்லாவிட்டால் கிணறு.

"சொல்லிடப் போறேங்க சார்" என்றார் என்னிடம். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கை போனா ஒரு கையில பொழச்சிக்குவேன். கெணறு போனா வூட்ல நாலு பேரும் பெங்களூருல கட்டட வேலைக்குத்தான் போவணும். நீங்களும் காதுல விழுலன்னு சொல்லிடுங்க."

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி பழப்பையை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவிலிருந்து வெளியே வீசினாள். ஒரு ஆப்பிள் நர்சின் ஸ்கூட்டரில் பட்டு உடைந்தது.

ஒப்பந்தக்காரர் என்னையும் மறக்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்து, என் கட்டுரைகளைத் தன் மனைவி விரும்பிப் படிப்பதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் என் வாசகர் என்று சொல்லிக்கொண்டு தேடி வந்த முதல் ஆள். "கையாலதான் எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் என்றேன். "அதுக்கும் வெரலு வேணுமில்ல" என்று சிரித்துவிட்டு எழுந்தார். அன்று மாலை பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்த கையை நானே இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

சம்மன் வந்தது. அதற்குச் சில நாள் முன்பு இன்ஸ்பெக்டர், கை எப்படி உடைந்தது என்று விசாரிக்க விவசாயியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஜீப் நின்றதை யாரோ பார்த்து ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் ரத்தக்கொதிப்பு மனிதர். விவசாயி மறுபடி பேசிவிட்டான் என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் போன் அடித்தது. விவசாயி எண். எடுத்தேன். அவர் பேசவில்லை. முதலில் இன்ஜின் இரைச்சல். பிறகு ஒரு இடி. அது அடங்கும் முன்பே ஆழத்திலிருந்து இன்னொரு இடி, தண்ணீர் வெடிக்கிற சத்தம். ஹலோ ஹலோ என்றேன். இரும்பு முறிகிற ஓசை கேட்டது. மோட்டாராக இருக்க வேண்டும். மறுபடி இடி. அவர் போனைக் கிணற்றின் மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது மெல்லத்தான் புரிந்தது. ஜேசிபி பாறைகளை அள்ளி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கல்லின் மேல் கல் விழுகிற வறட்டு ஓசை மட்டும். நடுவில் கண்ணாடி உடைந்தது. அவர் மனைவி கடப்பாரையை எறிந்து ஜேசிபியின் கண்ணாடியை நொறுக்கியது அது. பெண்ணின் அலறல் கேட்டது. அடித்ததா, அடிபட்டதா என்று பிரித்தறிய முடியாத அலறல்.

நான் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் குரல் வந்தது. "கேட்டுதுங்களா சார்?"

"கேட்டுது."

"இனி எம்மேல போடறதுக்கு அவன்கிட்ட கல்லு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மிரட்டுகிறவனுக்குத் தொழில் அடிப்படை ஒன்று உண்டு. மிரட்டக் கையில் எதையாவது மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆத்திரத்தில் மொத்த முதலையும் கிணற்றுக்குள் கொட்டிவிட்டார்.

வெளியூர்ச் சிறப்பு நீதிமன்றத்தில் விவசாயி கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் தளர்வாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். சாட்சி பல்டி அடிப்பார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். விவசாயி வளைந்த விரல்களைக் கூண்டின் கட்டை மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

"கேட்டாருங்க" என்றார். "டீக்கடையில கேட்டாரு. அதுக்கு முந்தி எங்க வூட்டு வாசல்லயும் கேட்டாரு. கெணத்த மூடிடுவேன்னாரு. மூடிட்டானுங்க. இப்ப நான் பேசலாமில்லீங்க?"

வக்கீல் எழுந்து அவரை அடித்தார், சொல்லால்தான். நீ பொய்யன், கடன்காரன், போலீசின் கைக்கூலி என்று ஒவ்வொன்றாக. விவசாயி ஒவ்வொன்றுக்கும் இல்லீங்க என்றார், லாரிக் கதவுக்குக் கை கொடுத்தவரின் பொறுமையோடு.

அப்புறம் நான். பித்தளை முத்திரையை ஒப்படைத்தேன். 'சாட்சியின் கழுத்து' பாட்டிலைத் தூக்கிக் காட்டினார் வக்கீல்.

"ஒங்க கழுத்தும் செவந்திருக்கே. அப்படின்னா நீங்களும் வாங்கினீங்களா?"

"வாங்கினேன்" என்றேன். "பணம் இல்லீங்க. அடி."

யாரும் சிரிக்கவில்லை. தட்டச்சர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் டைப் அடித்தார். பிறகு வக்கீல் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். என் கட்சிக்காரர் வெற்றிலை போடுகிறவர், சுண்ணாம்பு பட்டால் விரல் சிவப்பது இயற்கை, பொடியும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். நீதிபதி அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தார். வாய்க்குள் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"நானும் ரொம்பக் காலமா போடறேன்" என்றார். "வாய் சிவந்திருக்கு. விரல் சிவந்ததில்லை."

தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு நாளில் வராந்தாவில் அதிகாரி என்னைக் கடந்து போனார். முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறவர் மாதிரி. நான் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டேன். இன்றுவரை போட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வந்த இன்ஜினியர் கோபுரக் கால் வரவேண்டிய இடத்தைப் பார்க்கப் போனார். கம்பியை இறக்கினார், கல் இடுக்கில் அது சரசரவென்று போய்க்கொண்டே இருந்தது. மூடின கிணற்றின் மேல் அஸ்திவாரம் நிற்காது, கால் மேட்டுக்குப் போகட்டும் என்று எழுதிவிட்டார். பணம் நகர்த்தாததை ஒப்பந்தக்காரரின் பாறைகள் நகர்த்தின. அவர் மேல் போட்ட வழக்கு இருக்கிறது. அது மாநில போலீசின் கையில் இருப்பதால் பத்திரமாகத் தூங்குகிறது.

கிணற்றை மீட்கும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வாடகைக்கு ஒரு கிரேன் வைத்து, பாறைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவரால் முடிச்சுப் போட முடியாது. மனைவிதான் பல்லால் இழுத்துக் கயிற்றை இறுக்கினாள். நெற்றியில் அன்றைய ஜேசிபி வைத்த தழும்பு. மேலே வந்த ஒவ்வொரு கல்லையும் விவசாயி இடது கையால் உருட்டிவிட்டு ஒரு வசவு சொன்னார். அதிகாரிக்கு, ஒப்பந்தக்காரருக்கு, வக்கீலுக்கு. கொஞ்ச நேரத்தில் ஆள் தீர்ந்துபோய் மறுபடி அதிகாரியிலிருந்து ஆரம்பித்தார். நானும் ஒரு கல்லை உருட்டினேன். உதவியை விட இடைஞ்சல் அதிகம்.

மதியத்துக்கு மேல் கயிறு நழுவியது. ஆளுயரப் பாறை திரும்ப உள்ளே போனது. நான் போனில் கேட்ட அதே இடி, இந்த முறை காலடியில். உள்ளே நின்ற இரண்டு பேரும் பக்கச் சுவரில் பல்லி போல ஒட்டிக்கொண்டு தப்பினார்கள். தூசி எழும்பி எங்கள் எல்லோரையும் வெளுப்பாக்கியது.

அப்போது கீழேயிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "அண்ணா, கல்லுல ஈரம் இருக்குது."

விவசாயி குனிந்து பார்த்தார். வசவு ஏதும் வரவில்லை. வேலையாட்களுக்காகத் தட்டில் வெற்றிலை இருந்தது. இரண்டை எடுத்து, பாக்கு வைத்து, சுண்ணாம்பை வளைந்த விரலால் எப்படியோ தொட்டுத் தடவி என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும்தான்.

வாங்குவதற்கு முன்னால் இலையின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. அவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பல் போன இடம் தெரியச் சிரித்தார்.

"கயித்த இன்னொரு சுத்து சுத்து" என்று மனைவியிடம் சொன்னார். கிரேன்காரன் மறுபடி இன்ஜினை முடுக்கினான்.